தன் முதுகு தனக்குத் தெரியாது



சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின்போது முன்னாள் மாணவன் ஒருவன் தன் தாயாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தான். ஆறாம் ஆண்டில் கடைசி வரிசையில் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருந்த பிள்ளை, இப்போது வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றான். மூன்றாண்டுகளாக உடற்பயிற்சி நிலையத்திற்குச் சென்றுவருவதாகவும், அண்மையில் ஓர் ஆணழகர் போட்டியில் கலந்துகொண்டு கடைசி இடத்தைப் பெற்றதாகவும் சொன்னான். போட்டி முடிந்ததும் நடுவர்களுள் ஒருவர் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, உன் உடம்பு முன்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது" என்றாராம்.

கைத்தொலைபேசியைத் திறந்து தன் படங்களை எனக்குக் காட்டினான். நூற்றுக்கு மேல் இருக்கும். மார்பு, புயம், வயிறு, மறுபடியும் மார்பு. எல்லாமே நிலைக்கண்ணாடியின்முன் அவனே எடுத்துக்கொண்டவை. "முதுகைக் காட்டும் படம் எங்கே?" என்று கேட்டேன். "அதை எப்படி ஐயா நானே எடுப்பது?" என்று திருப்பிக் கேட்டான்.

அவன் வந்த நோக்கம் வேறு. அமெரிக்க ஆணழகர் ரோனி கோல்மனைப் போல மிகுந்த எடையைத் தரையிலிருந்து தூக்கிப் பழகினால் முதுகு தேறிவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவனும் தொடங்கிவிட்டான். இடுப்புக்கு மேலே வலியும் தொடங்கிவிட்டது. "நீங்கள் சொன்னால் கேட்பான், ஐயா" என்று அவன் அம்மா என்னைப் பார்த்தார். இரும்பைத் தொட்டறியாத என்னிடமா இந்தப் பஞ்சாயத்து என்று முதலில் திகைத்தேன். ஆனால், பதினெட்டு ஆண்டுகள் குறைநீக்கல் வகுப்பு நடத்தியவன் நான். ஒரு பிள்ளை எங்கே பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், அந்த இடத்தைத் தேற்றுவதும் என் தொழில். வரலாற்று நூல்களைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. ஆகவே, "ஒரு வாரம் பொறு, அதுவரை எடை எதையும் தூக்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தமிழர்களாகிய நமக்கு முதுகைப் பற்றி நல்ல எண்ணம் கிடையாது. புறமுதுகு காட்டுதல் இழுக்கு. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளிப்பட்டதற்காக நாணி, வடக்கிருந்து உயிர்நீத்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். இத்தகைய மரபில் வந்த பிள்ளைகள், ஒரு மேடையேறி முதுகைக் காட்டிப் பரிசு வாங்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. நிற்க.

மேலைநாட்டினர் முதுகை உற்றுநோக்கிய வரலாறு சிற்பிகளிடமிருந்தே தொடங்குகிறது எனலாம். நேப்பிள்ஸ் நகர அருங்காட்சியகத்தில் ஃபார்னீஸ் ஹெர்குலிஸ் என்னும் பெரிய பளிங்குச் சிலை ஒன்று உள்ளது. பண்டைக் கிரேக்கச் சிற்பி லிசிப்பஸ் வடித்த மூலத்தைப் பின்பற்றி கிளைக்கோன் என்பவர் செதுக்கியது. 1546-ஆம் ஆண்டில் ரோமிலுள்ள காரகல்லா குளிப்பகத்தின் இடிபாடுகளிலிருந்து அது கண்டெடுக்கப்பட்டது. முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது, கதாயுதத்தின்மேல் சாய்ந்து தலைகவிழ்ந்து நிற்கும் களைத்துப்போன ஒரு வீரன் மட்டுமே. ஏன் களைத்தான் என்பது முன்பக்கத்திலிருந்து தெரியாது. பின்னால் சுற்றிச் செல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் மடக்கிய வலக்கையில், அரும்பாடுபட்டுப் பெற்றுவந்த பொன் ஆப்பிள்களை அவன் வைத்திருக்கிறான். கதையே பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

1591-இல் ரோமுக்குச் சென்ற டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் இதைப் புரிந்துகொண்டார். அவர் அந்தச் சிலையைப் பின்னாலிருந்தே வரைந்து செப்புத்தகட்டில் செதுக்கினார். கீழே சிறிய உருவங்களாக இருவர் சிலையின் முன்பக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காணாத முதுகை நாம் காண்போம். இப்படத்தைப் பார்த்தபோது எனக்கு என் மாணவனின் கைத்தொலைபேசி நினைவுக்கு வந்தது.

சிலை கண்டெடுக்கப்படுவதற்கு மூன்றாண்டு முன்பு, 1543-இல், ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் என்னும் மருத்துவர் மனித உடற்கூறு பற்றிய தம் பெருநூலைப் பேசல் நகரில் அச்சிட்டார். அதற்கு முன்பு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் காலனின் நூல்களையே நம்பியிருந்தார்கள். காலனோ பெரும்பாலும் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியவர். வெசாலியஸ் மனித உடலையே அறுத்துப் பார்த்தார். அவருடைய நூலில் தோலுரிந்த மனித உருவங்கள் வயல்வெளிகளுக்கிடையே நிற்கும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அடுக்குத் தசை கழற்றப்பட்டிருக்கும். முன்பக்கத்தைப் போலவே முதுகையும் அடுக்கடுக்காகக் காட்டினார். முதுகு என்பது ஒரே பலகையன்று, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போர்த்திய பல தசைகளின் கூட்டு என்பதைச் சாதாரண வாசகனும் கண்ணால் காணும்படி செய்தவை அப்படங்கள்.

என் மாணவனுக்கும் அதைத்தான் முதலில் விளக்கினேன். பிடரியிலிருந்து நடுமுதுகு வரை காற்றாடிப் பட்டம் போல விரிந்திருப்பது ஒரு தசை. அதன் பெயர் டிரபீசியஸ். அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை பரந்து, பின் மேற்கையில் சென்று ஒட்டுவது இன்னொன்று. நம் பிள்ளைகள் 'விங்ஸ்' என்று சொல்வது இதைத்தான். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகெலும்போடு இழுத்துப் பிடிக்கும் சிறு தசைகள் நடுவில் மறைந்திருக்கின்றன. முதுகெலும்பின் இருமருங்கிலும் கயிறு போல நெடுக ஓடி அதை நிமிர்த்திப் பிடிப்பவை வேறு. ஆகவே, 'என் முதுகு பலவீனம்' என்று சொல்வது, 'இந்த மாணவன் தமிழில் பலவீனம்' என்று சொல்வதைப் போன்றது. வாசிப்பிலா, எழுத்துப்பிழையிலா, வாக்கிய அமைப்பிலா என்று தெரியாமல் எந்த ஆசிரியர் பாடம் நடத்த முடியும்?

இனி, ஆணழகர் போட்டிக்கு வருவோம். யூஜின் சாண்டோ என்னும் பெயரை நம் வீடுகளில் அறியாதார் இல்லை. ஆனால், ஆளைப் பலரும் அறியார். கையில்லாத பனியனை நாம் 'சாண்டோ' என்கிறோமே, அந்தச் சாண்டோதான்! திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரிலும் அவரே இருக்கிறார். 1867-இல் பிரஷ்யாவில் பிறந்த இவர், சிலைகளைப் போலத் தம் உடலைக் காட்டி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வியக்க வைத்தார். 1904, 1905-ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்தினார்.

1901 செப்டம்பர் 14-ஆம் நாள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ நடத்திய பெரும் போட்டியே இன்றைய ஆணழகர் போட்டிகளுக்கெல்லாம் தாய். நடுவர்களாக அமர்ந்தவர்களைப் பாருங்கள். ஒருவர் சாண்டோ. மற்றொருவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கானன் டாயில்; அவர் மருத்துவரும்கூட. மூன்றாமவர் சார்லஸ் லாஸ் என்னும் சிற்பி. சிற்பியை ஏன் அழைத்தார்கள்? சிற்பி ஒருவனே உருவத்தைச் சுற்றிவந்து பார்க்கப் பழகியவன் என்பது என் கருத்து. போட்டிக்கு வகுக்கப்பட்ட விதிகளில் தசையின் பருமன் மட்டும் போதாது என்று தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. உடல் முழுவதும் ஒத்த வளர்ச்சி, தசையின் உறுதி, பொது ஆரோக்கியம், தோலின் நிலை ஆகியவையும் கருதப்பட்டன. நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் மர்ரே வென்றார். 'ஒத்த வளர்ச்சி' என்ற ஒரு விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது. பலவீனமான பகுதி என்ற எண்ணமே அதிலிருந்துதான் பிறக்கிறது.

இவ்விடத்தில் வங்காளத்து மனோகர் ஆய்ச் அவர்களை ஒரு வரியேனும் சொல்லாமல் கடக்க மனமில்லை. ஐந்தடிக்கும் குறைவான உயரம். ஆங்கிலேயர் விமானப்படையில் பணியாற்றியபோது அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறை சென்று, சிறையிலேயே கருவியேதும் இல்லாமல் நாள்தோறும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தவர். 1952-இல் லண்டனில் தம் உயரப் பிரிவில் உலக ஆணழகர் பட்டம் பெற்றார். 104 வயது வரை வாழ்ந்து 2016-இல் மறைந்தார். நம் மலேசியாவிலும் ஜொகூரைச் சேர்ந்த சசாலி சமாட் பலமுறை உலகப் பட்டம் வென்றிருக்கிறார். இக்கலை நமக்கு அந்நியமானதன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரும்புத் தகடுகளை மாற்றி மாட்டும் பார்பெல் எங்கும் பரவியது. உடற்பயிற்சி நிலையங்களின் சுவர்களில் நிலைக்கண்ணாடிகளும் ஏறின. கண்ணாடி ஓர் உதவிதான். ஆனால், அது ஒருபக்கச் சார்புடைய ஆசிரியர். பார்க்கும் தசையைத்தான் மனிதன் பயில்கிறான். மார்பும் புயமும் கண்ணெதிரே புடைக்கும்போது உள்ளம் பூரிக்கிறது. முதுகோ எத்தனை உழைத்தாலும் உழைத்தவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. உலகெங்கும் முன்பக்கம் பெருத்துப் பின்பக்கம் மெலிந்த இளைஞர்கள் மிகுந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முன்தசை இறுகிப் பின்தசை தளர்ந்தால் தோள்கள் முன்னோக்கி வளைகின்றன. என் மாணவனும் அப்படித்தான் நின்றான். புத்தகப்பை சுமந்து வளைந்த பிள்ளையின் தோள், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இரும்பைச் சுமந்தும் நிமிரவில்லை.

குறையுள்ள பகுதியை எப்படி அணுகுவது என்பதற்கு அமெரிக்காவில் ஜோ வீடர் ஒரு நெறியைப் பரப்பினார். இவர் தம் தம்பி பென்னுடன் சேர்ந்து 1946-இல் உலக ஆணழகர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். 1965-இல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியை ஏற்படுத்தியவர். பலவீனமான தசையைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே, உடல் களைப்படையாத நிலையிலேயே பயிலவேண்டும் என்பது அந்நெறி. கேட்கும்போது எளிது. நடைமுறையில் எல்லாரும் தமக்கு நன்றாக வருவதையே முதலில் செய்வார்கள். வராததைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நேரமில்லை என்பார்கள். (நம் பள்ளிக் கால அட்டவணையில் குறைநீக்கல் பாடத்தை எந்த வேளையில் போடுகிறோம் என்று ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். எங்கள் பள்ளியில் அது வெகுகாலம் மதிய வெயிலில்தான் நடந்தது.)

அர்னால்ட் சுவார்செனேகரின் கதை பலரும் அறிந்தது. 1966-இல் லண்டனில் செட் யார்ட்டனிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். அவருடைய குறை கெண்டைக்கால், முதுகன்று. ஆயினும், அவர் செய்த ஒரு செயல் நம் பொருளுக்கு மிகப் பொருந்தும். பயிற்சியின்போது அணியும் காற்சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டியெறிந்தார். எல்லாரும் தம் மெலிந்த கெண்டைக்காலைப் பார்க்கட்டும் என்று! குறையை மறைக்கும் துணியைக் குறையுடையவனே கிழித்தான். வெட்கம் அவரை நாள்தோறும் உழைக்க வைத்தது. முதுகுக்கு அவர் பெரிதும் நம்பியது கம்பியைப் பற்றி உடலை மேலே இழுக்கும் பயிற்சியை. ஒரு சுற்றுக்கு இத்தனை என்று எண்ணாமல், மொத்தம் 50 முறை என்று முடிவுசெய்து, எத்தனை சுற்றானாலும் அந்த 50-ஐ முடித்துவிட்டே இறங்குவது அவர் எழுதிவைத்த வழிகளுள் ஒன்று. நல்ல நாளில் குறைந்த சுற்றில் முடியும்; சோர்ந்த நாளில் நீளும். ஆனால், 50 குறையாது.

அவருடைய உற்ற நண்பர் ஃபிராங்கோ கொலம்பு சார்டினியாத் தீவில் 1941-இல் பிறந்தவர். குத்துச்சண்டை வீரராக இருந்து இத்துறைக்கு வந்தவர். உயரம் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர்தான். நேராக நின்றால் கூட்டத்தில் தெரியமாட்டார். முதுகை விரித்தால் அகன்று மேடையை நிறைப்பார். 340 கிலோவைத் தரையிலிருந்து தூக்கும் வலிமை அவர் முதுகுக்கு இருந்தது. 1976, 1981 ஆகிய ஆண்டுகளில் மிஸ்டர் ஒலிம்பியா ஆனார். 2019-இல் தம் தாய்மண்ணின் கடலிலேயே நீந்தும்போது காலமானார்.

முதுகே போட்டியைத் தீர்மானிக்கிறது என்பது 1980-களிலிருந்து எல்லாருக்கும் விளங்கிவிட்டது. 1984 முதல் 1991 வரை எட்டு முறை தொடர்ந்து வென்ற லீ ஹேனி, தம் முதுகுக்காகப் பெயர்பெற்றவர். அடுத்த பத்தாண்டில் ஷான் ரே என்னும் அழகிய உடலமைப்பாளர் 1990 முதல் 2001 வரை பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தார். ஒருமுறையும் முதலிடம் பெறவில்லை. கெவின் லெவ்ரோன் 1992, 1995, 2000, 2002 என நான்கு முறை இரண்டாம் இடத்தோடு நின்றார். முன்னால் பார்த்தால் இவர்களுக்கு நிகர் யார் என்று தோன்றும். 'பின்னால் திரும்புங்கள்' என்று நடுவர் சொன்ன கணத்தில் முடிவு மாறிவிடும். காரணம், பக்கத்தில் நின்றவர் டோரியன் யேட்ஸ். அவருக்குப் பின் ரோனி கோல்மன்.

யேட்ஸ் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்தவர். அங்கே டெம்பிள் ஜிம் என்னும் நிலவறைப் பயிற்சிக்கூடத்தில் விளம்பரமின்றிப் பயின்றவர். 1991-இல் ஹேனிக்கு அடுத்த இடம். 1992 முதல் 1997 வரை ஆறு ஆண்டுகள் முதலிடம். இவரிடம் என்னைக் கவர்ந்தது எடையன்று, குறிப்பேடு. பயிலத் தொடங்கிய காலந்தொட்டு எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை, எத்தனை முறை, எப்படி உணர்ந்தேன் என்று எழுதிவந்தார். அந்தக் குறிப்பேடே அவர் முதுகைப் பார்த்த கண்ணாடி.

யேட்ஸ் கண்டறிந்த ஒரு நுட்பத்தை மட்டும் விளக்குகிறேன். முதுகுப் பயிற்சியில் எடையை இழுப்பது கை. ஆனால், உழைக்கவேண்டியது முதுகு. கை முதலில் களைத்துவிட்டால் முதுகு உழைக்காமலே பயிற்சி முடிந்துவிடும். முதுகு தேறாத பலருடைய சிக்கல் இதுவே: அவர்கள் முதுகைப் பயில்வதாக எண்ணிக்கொண்டு புயத்தைப் பயில்கிறார்கள். யேட்ஸ், பார்பெல்லை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கும்படி பற்றினார். உடலை முழுக்கக் குனியாமல் சற்றே சாய்த்து, முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னுக்கு இழுத்தார். அந்தப் பிடியில் புயம் தன் வலிமையான நிலையில் இருப்பதால் முதுகுக்கு முன்பே அது தோற்றுவிடாது. இழுப்பும் முதுகின் கீழ்ப்பகுதி வரை இறங்கும். இன்றளவும் இப்பயிற்சி உலகெங்கும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஆனால், வரலாறு அத்தோடு நிற்கவில்லை. 1994-இல், போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது, இதே பிடியில் இழுக்கையில் அவருடைய இடப்புயத் தசை அறுந்தது. அவ்வாண்டும் வென்றார் என்றாலும், அதன்பின் உள்ளங்கை கீழ்நோக்கிய பிடிக்கு மாறிவிட்டார். ஒரு குறைக்குக் கண்ட மருந்தே இன்னோர் இடத்தில் காயமாகும் என்பதை என் மாணவனிடம் இரண்டு முறை சொன்னேன். அவன் யேட்ஸின் பிடியை மட்டும் கேள்விப்பட்டிருந்தான். அறுந்த தசையைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இனி கோல்மன். 1964-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர், கணக்கியல் பட்டதாரி, டெக்சாஸில் காவல்துறைப் பணி. 1997-இல் மிஸ்டர் ஒலிம்பியாவில் அவருக்குக் கிடைத்தது 9-ஆம் இடம். மறு ஆண்டே முதலிடம்! 2005 வரை தொடர்ந்து எட்டு முறை. அவர் முதுகைத் திருப்பி இரு புயங்களையும் மடக்கி உயர்த்தினால் மற்ற போட்டியாளர்களே திரும்பிப் பார்ப்பார்களாம். 800 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 363 கிலோ எடையைத் தரையிலிருந்து இரண்டு முறை தூக்கும் அவரது காணொலியைத்தான் என் மாணவனும் அவன் நண்பர்களும் மனப்பாடமாகப் பார்த்துவைத்திருந்தார்கள்.

அவர்கள் பார்க்காத காணொலியை நான் காட்டினேன். 2018-இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில் கோல்மன் ஊன்றுகோல்களைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். 2007-க்குப் பிறகு முதுகிலும் இடுப்பிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். இரு இடுப்பு மூட்டுகளும் மாற்றப்பட்டுவிட்டன. முதுகெலும்பில் திருகாணிகளும் கம்பிகளும். உலகிலேயே சிறந்த முதுகு என்று போற்றப்பட்ட முதுகு, தன் உடையவரைச் சுமக்க முடியாமல் நிற்கிறது. நியாயமாகச் சொல்வதானால், அவர் வருந்துவதாகத் தெரியவில்லை. அதே 800 பவுண்டு எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்தெழும் பயிற்சியை இன்னும் இரண்டு முறை கூடுதலாகச் செய்திருக்கலாமே என்பதே தமது குறை என்கிறார். அவருடைய மனவுறுதியை நான் மதிக்கிறேன். ஆனால், பத்தொன்பது வயதுப் பிள்ளை அதைப் பின்பற்றுவதற்கு என்னால் தலையசைக்க முடியவில்லை.

பெற்றோர்களுக்கு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இத்தகைய உடல்கள் இரும்பாலும் உணவாலும் மட்டும் ஆனவையல்ல. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்துகளைப் பயன்படுத்தியதை சுவார்செனேகர், யேட்ஸ் போன்றோர் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளாயின. இதயத்தையும் கல்லீரலையும் அவை பாதிக்கும். 'ஓராண்டில் முதுகை இரட்டிப்பாக்குகிறேன்' என்று எவரேனும் பிள்ளையிடம் சொன்னால், எதைக் கொண்டு என்று தயங்காமல் கேளுங்கள்.

கோல்மனிடம் 2001, 2003, 2004, 2005 என நான்கு முறை தோற்று இரண்டாம் இடம் பெற்ற ஜே கட்லரின் வரலாறு எனக்கு அதிகம் பிடித்திருந்தது. தொடையிலும் தோளிலும் கோல்மனுக்கு இணையானவர், முதுகில்தான் பின்தங்கினார். ஆண்டுதோறும் அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து 2006-இல் கோல்மனை வென்றார். 2008-இல் பட்டத்தை இழந்து 2009-இல் மீட்டார். இழந்த மறு ஆண்டே அப்பட்டத்தை மீட்டவர் அவருக்கு முன் எவரும் இல்லை. ஐந்தாண்டுகள் ஒரு குறையோடு மல்லுக்கட்டியவர் என்பதால்தானோ என்னவோ, தோல்வி அவரை அசைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாணவன் வந்தான். வீட்டுக்குப் பின்புறம், காலை வெளிச்சத்தில், சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னேன். அவன் அம்மாவே படமெடுத்தார். தன் முதுகை அவன் முதன்முதலாக அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தான். வெகுநேரம் பேசவில்லை. நடுமுதுகு தட்டையாக இருந்தது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் மெலிந்திருந்தது. இடத்தோள் சற்று உயர்ந்தும் நின்றது. நான் காரணம் தேடிக்கொண்டிருக்கையில் அவன் அம்மா சொல்லிவிட்டார்: "மாமா கடைக்கு கேஸ் தோம்பு தூக்கப் போறான் ஐயா, நாலு வருசமா. எப்பவும் வலது கையிலதான் தூக்குவான்."

எடுத்த எடுப்பில் மருந்தகத்திற்கு அனுப்பினேன். மருத்துவர் பரிசோதித்து, எலும்பில் பழுதில்லை, தசைப்பிடிப்புதான் என்று கூறி, ஆறு வாரங்களுக்குத் தரையிலிருந்து எடை தூக்கக்கூடாது என்றார். அதன்பின் அவனுடைய பயிற்சியாளரும் அவனுமாக அமர்ந்து ஒரு திட்டம் வகுத்தார்கள். நான் செய்ததெல்லாம் ஒரு பயிற்சிப் புத்தகத்திற்கு அட்டை போட்டுக் கொடுத்ததுதான். வாரத்தின் முதல் நாள், முதல் பயிற்சி, முதுகு. மார்பு பிறகு. ஒரு கையால் டம்பெல்லை இழுக்கும் பயிற்சியை இடக்கையில் தொடங்குவது. இடக்கை எத்தனை முறை இழுக்கிறதோ அத்தனையே வலக்கையும், ஒன்றுகூட அதிகமில்லை. கையால் இழுக்காமல் முழங்கையால் இழுப்பதாக எண்ணிக்கொள்வது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கி ஒரு கணம் நிற்கும்வரை எடையை இறக்காமலிருப்பது. அப்படி நிறுத்த முடியாத எடை என்றால் அது மிகை என்று குறைத்துக்கொள்வது. முதல் மாதம் அவன் தூக்கிவந்த எடையில் பாதிகூடத் தேறவில்லை. பயிற்சி நிலையத்தில் நண்பர்கள் சிரித்ததாக எழுதியிருந்தான்.

ஆம், எழுதியிருந்தான். எழுத்துப்பிழை மலிந்த தமிழில், நாள் தவறாமல். ஆறாம் ஆண்டில் அரைப்பக்கக் கட்டுரைக்கே அழுத பிள்ளை! 'இன்னைக்கு இடது பக்கம் முதல் தடவையா வலிச்சது, நல்ல வலி' என்று ஒரு நாள் குறிப்பு. அந்த வரியில் இருந்த பிழைகளை நான் திருத்தவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே இடம், அதே காலை நேரம், அதே வெளிச்சம் என்று படம் எடுக்கிறார்கள். இதுவரை ஏழு படங்கள் என் தொலைபேசிக்கு வந்துள்ளன. நடுமுதுகில் இரண்டாம் மாதம்வரை ஒன்றும் தெரியவில்லை. நான்காம் மாதத்தில் தோள்பட்டைகளுக்கிடையே மெல்லிய ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அடுத்த போட்டிக்குப் போகலாமா என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டான். நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது: "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் வரணும்டா. போன மாசப் படத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாரு."